அரை கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, இரண்டு அணி நண்பர்களே, வணக்கம். நேரம் குறைவு. நேராக வாளிக்கு வருகிறேன்.

ஆமாம், வாளிக்குத்தான். "நல்ல கட்டடத்துக்கு அழகு இயற்கையோடு இசைவதா, இயற்கையை வெல்வதா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் ஐயா என்ன சொல்லிவிட்டு உட்கார்ந்தார்? "அமெரிக்காவில் அருவிக்கு மேல் ஒரு வீடு கட்டினார்கள். ஃபாலிங்வாட்டர் என்று பெயர். கூரை ஒழுகி ஒழுகி, வீட்டுக்காரரே அதை ஏழு வாளி வீடு என்றார். இயற்கையோடு இசைந்தால் கடைசியில் கையில் வாளிதான் மிஞ்சும்!" அரங்கமே கைதட்டியது.

ஐயா, ஒழுகியது உண்மை. நீங்கள் விட்டதையும் நானே சொல்கிறேன். அருவிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் தளம் ஏழு அங்குலம் வரை தொங்கிவிட்டது. 2002இல் எஃகு வடங்களைக் கோத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏன் தொங்கியது? உள்ளே போட்ட கம்பி போதவில்லை. ஏன் ஒழுகியது? மழை அதிகமான இடத்தில் தட்டையான கூரை. இதில் அருவி செய்த தப்பு எது? மரம் செய்த தப்பு எது? மனிதன் போட்ட கணக்கு பிசகியதற்கு இயற்கையின் மேல் வழக்குப் போடுகிறீர்களே!

அதே வீட்டுக் கூடத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதைச் சொன்னீர்களா? வீடு வருவதற்கு முன்பு, வீட்டுக்காரரான காஃப்மனின் குடும்பம் அதன் மேல் வெயில் காய்ந்தது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அதை உடைக்கவில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு அது அப்படியே நிற்கட்டும் என்று விட்டு, கணப்படுப்பை அதன் மேலேயே அமைத்தார். சுற்றியுள்ள கல்தரைக்கு மெழுகு பூசினார்கள், பாறைக்குப் பூசவில்லை. தரை ஓடைநீர் மாதிரி மினுங்க, நடுவில் பாறை உலர்ந்து நிற்கிறது. வாளி வைத்த அந்தக் குடும்பம் 1963இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைக்கும் வரை வீட்டைக் கைவிடவில்லை. ஏழு வாளி வைத்தும் பிடித்துப்போன வீடு ஐயா அது!

சரி, வாளி போதும். இரவுக் குளிரைக் கான்கிரீட்டில் சேர்த்துவைத்துப் பகலில் செலவழிக்கும், ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்து ஈஸ்ட்கேட் கட்டடத்தைப் பற்றி எங்கள் அணித் தோழி அழகாகச் சொல்லிவிட்டார். நான் ஓர் ஆற்றுக்குப் போகிறேன்.

சிங்கப்பூரில் காலாங் ஆறு. பீஷான் பூங்காவின் ஓரத்தில் அது ஆறாகவா இருந்தது? கான்கிரீட் வாய்க்கால். நேர்க்கோடு. "தண்ணீரா, சீக்கிரம் கடலுக்குப் போ" என்று துரத்துகிற வாய்க்கால். நீளம் 2.7 கிலோமீட்டர். அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள். கரையைக் கல்லும் செடியும் வேரும் பிடித்துக்கொள்ளும்படி அமைத்து, 2012இல் பூங்காவைத் திறந்தார்கள். இப்போது ஆற்றின் நீளம் என்ன தெரியுமா? 3.2 கிலோமீட்டர்.

கவனியுங்கள். அதே பூங்கா. அதே ஆறு. அரை கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

யாரும் நிலம் வாங்கிச் சேர்க்கவில்லை. ஆறு வளைந்தது, அவ்வளவுதான்! நேராக நில் என்று அதட்டியபோது 2.7. உன் இஷ்டத்துக்கு நட என்றதும் 3.2! பெருமழை வந்தால் கரை தாண்டிப் பூங்காப் புல்வெளியில் பரவுகிறது, எச்சரிக்கை ஒலி கேட்டு மக்கள் மேடேறுகிறார்கள். மழை விட்டதும் தண்ணீர் தானாக வடிகிறது. பெயர்த்த கான்கிரீட்டைக்கூடத் தூக்கி எறியவில்லை, அதைக் குவித்து ஒரு குன்றாக்கினார்கள். ஆற்றை அடைத்து வைத்த அதே கான்கிரீட்டின் மேல் ஏறி நின்று, ஆறு வளைவதை இன்று பார்க்கலாம்.

அப்புறம் நீர்நாய்கள் வந்தன. கூண்டில் கொண்டுவந்து யாரும் விடவில்லை. ஆற்றோடு தாமாக வந்து, குட்டி போட்டு, குடும்பமாக வாழ்ந்தன. எதிரணி நண்பர்களே, நீங்கள் வென்றுகாட்டிய ஒரு வாய்க்காலுக்கு ஒரு நீர்நாயாவது குடிவந்ததா?

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

1984இல் ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை முடிந்தவர்கள். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

என் அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறையில் எல்லா வசதியும் இருந்தது. குளிர்சாதனம் நிற்கவே நிற்காது. ஜன்னலும் இருந்தது, ஆனால் திறக்க முடியாது. எதிரே வேறொரு கட்டடத்தின் சுவர். ஒரு நாள் சாயங்காலம் அம்மா கேட்டார், "வெளியில மழையா?" நான் கைப்பேசியைப் பார்த்து, "ஆமாம்மா, மழைன்னு போட்டிருக்கு" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. நாலு மாடி இறங்கி ஓடினேன். வாசலில் நின்று இரண்டு கையையும் மழையில் நீட்டினேன். துடைக்காமல் அப்படியே மேலே போய், அம்மாவின் கன்னத்தில் வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு, "பெரிய மழைதான்" என்றார்.

வணக்கம்.