தாழையா, பாரா?

(இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஆசிரியர்களும் மாணவர்களும் மீனவக் குடும்பத்தாரும் கூடியிருந்த ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மைக் இல்லாமலே பேசிவிடுவேன். முப்பது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டை இது. ஆனால் பின்வரிசையில் தாய்மார்கள் இருக்கிறார்கள், வெளியே காற்றும் இரைகிறது. மைக் இருந்துவிட்டுப் போகட்டும்.

1990களில் நான் புதிதாகப் புவியியல் ஆசிரியராக வந்தேன். பாடத்தில் டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டும் வரைபடத் தாள், படிக்கச் சொல்லித்தர வேண்டும். நம் ஊர்த் தாளையே வைத்துச் சொல்லித்தரலாமே என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடற்கரை ஊரா? கொடுக்க முடியாது, சார்" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லையையும் கடற்கரையையும் ஒட்டிய பகுதிகளின் பெரிய அளவு வரைபடங்களைப் பொதுமக்களுக்குத் தரக்கூடாது என்பது அன்றைய விதி. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணி 1802இல் சென்னையில், பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. அது முடிந்து தலைமுறைகள் கழிந்தும் இராமநாதபுரத்துப் பிள்ளை தன் ஊரை விட்டுவிட்டு, எங்கோ உள்நாட்டில் இருக்கும் ஒரு மலையின் சமவுயரக் கோடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். நமக்கு மலையே கிடையாது!

அந்தக் கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. 2005இல் கூகுள் எர்த் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இப்படி எல்லா இடத்தையும் எல்லோரும் பார்ப்பது பாதுகாப்புக்கு நல்லதா என்று கவலைப்பட்டுப் பேசியவர் குடியரசுத் தலைவர் கலாம், இதோ பக்கத்து இராமேசுவரத்துப் பிள்ளை. அவர் கவலை வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கே வருஷத்தில், 2009இல், இஸ்ரோவே செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் 'புவன்' இணையதளத்தைத் திறந்தது. அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்கா தன் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களுக்கு விலையை எடுத்துவிட்டது. அதுவரை ஒரு படம் 600 டாலர். இப்போது 1972 தொடங்கிச் சேர்ந்த சேமிப்பு முழுக்க இலவசம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்திய நில அளவைத் துறை 2017இல் 1:50,000 அளவு வரைபடத் தாள்களை இணையத்தில் தந்தது. ஆதார் எண் கேட்டது, போகட்டும். 2021 பிப்ரவரியில் வந்த புது வழிகாட்டுதலுக்குப் பிறகு, இந்தியர் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, படம் வந்துவிட்டது. பள்ளியில் ஹைடெக் லேபும் இருக்கிறது. இனி என்ன குறை என்று கேட்பீர்கள். குறை என்னிடம்தான் இருந்தது. அதைச் சொல்கிறேன்.

ஒருநாள் பாக் நீரிணைப் பக்கத்துக் கடலைச் சென்டினல் படத்தில் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். கரையை ஒட்டிக் கருநீலமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. "இது பவளப் பார், பவளப்பாறை" என்று வாத்தியார் தோரணையில் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பையன், அப்பாவோடு வத்தை என்கிற சிறு படகில் போகிறவன், கையைத் தூக்கினான்.

"அது பார் இல்ல சார். தாழை. ஆவுளியா மேயிற எடம்."

அவன் தாழை என்றது கடலடியில் வளரும் புல்லை, ஆவுளியா என்றது அதை மேயும் கடற்பசுவை. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படித்தேன். சூரிய ஒளி தண்ணீருக்குள் இறங்கும்போது சிவப்பு சில மீட்டரிலேயே அடங்கிவிடும். நீலமும் பச்சையும்தான் ஆழம் வரை போய்த் திரும்பும். அடியில் வெண்மணல் இருந்தால் ஒளி திரும்பி வரும், படத்தில் வெளுப்பாகத் தெரியும். பாரும் சரி, கடல்தாழையும் சரி, ஒளியை வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டும் கறுப்பாகவே தெரியும். 786 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற செயற்கைக்கோளுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர ஆள் வேண்டும். விஞ்ஞானிகளும் படகெடுத்துப் போய், குனிந்து பார்த்துத்தான் சரிபார்க்கிறார்கள். அந்தப் பையன் அதைத் தினமும் பார்க்கிறான்.

அன்றிலிருந்து என் வகுப்பே மாறிவிட்டது. சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். உங்கள் வள்ளம் அதில் தெரியாது. விசைப்படகு ஒன்றிரண்டு புள்ளி. ஆனால் 2017ஆம் வருஷத்துப் பாம்பன் படத்தை எடுத்துப் பாருங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் ஒரு கட்டத்தின் அகலம்கூட இல்லை, ஆனாலும் கோடு போட்ட மாதிரித் தெரியும். ஏன்? இருண்ட கடலுக்கு நடுவே அது பளிச்சென்று இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் இருப்பதெல்லாம் கலந்து ஒரே நிறமாகப் பதிகிறது என்பதை இந்த ஒரு பாலத்தை வைத்தே புரியவைத்துவிடலாம்.

கரையை விட்டு உள்ளே வாருங்கள். செடிகொடியைச் சிவப்பாகக் காட்டும் அகச்சிவப்புப் படம் ஒன்று உண்டு. மே மாதப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், வயலெல்லாம் வெளிறிக் கிடக்கும், கண்மாய்க்குள் மட்டும் ரத்தச் சிவப்பு. வெளியூர் மாணவன் "ஆகா, நல்ல விளைச்சல்" என்று எழுதுவான். நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். அத்தனையும் சீமைக்கருவேலம்.

ஆசிரியர்களுக்கு ஒன்றிரண்டு. முழுப் படத்தையும் இறக்கப் போனால் நம் இணையத்தில் மதியம் வரை சக்கரம் சுற்றும். சென்டினல் படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் உங்கள் ஊரை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் படம் வேண்டாம், மேகம்தான் இருக்கும். மாசி, பங்குனி நல்லது. எடுத்ததும் பெரிய தாளில் அச்சடித்து விடுங்கள். திரையைப் பார்க்கிற பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. தாளைக் கொடுத்தால் பென்சிலை எடுக்கிறது. இது என் அனுபவம், ஆராய்ச்சி அல்ல.

அப்படித்தான் பெயர் எழுதத் தொடங்கினோம். இணைய வரைபடங்களில் நம் குடியிருப்புகள் பலவற்றுக்குப் பெயரே இல்லை, இருந்தாலும் எழுத்துப்பிழை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், தமிழிலேயே சேர்க்கலாம். பிள்ளைகள் தெருப்பெயர் எழுதினார்கள், கோயில், தர்கா, மாதா கோயில், ஐஸ் கம்பெனி எழுதினார்கள். ஒரு பெண் குழந்தை, அவள் அம்மா மணலில் தோண்டித் தண்ணீர் இறைக்கிற ஊற்றைப் புள்ளி வைத்துக் காட்டினாள். எந்தச் செயற்கைக்கோளும் அதைப் பார்த்திருக்காது.

உற்சாகத்தில் கடலுக்குள்ளும் இறங்கினோம். எந்தப் பாரில் என்ன மீன், எங்கே வலை கிழியும் என்று பையன்கள் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தார்கள். அன்று தாத்தா ஒருவர் பேரனைக் கூட்டிப்போக வந்து, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, எங்க பாரு இருக்குற எடத்தையெல்லாம் இதுல போட்டுருவீகளா?"

"ஆமாய்யா."

"அப்ப ஊரான் ஊரான் போட்டெல்லாம் வந்துருமே."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கலாம் கேட்ட கேள்விதான் இதுவும் என்று அப்புறம் தோன்றியது. அவர் நாட்டுக்காகக் கேட்டார், தாத்தா ஒரு வேளைக் கஞ்சிக்காகக் கேட்டார். அந்தப் பார்களுக்குக் கரைக்காரர்கள் வைத்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி அவர் பேரனிடமே கொடுத்துவிட்டோம். இணையத்தில் ஏற்றவில்லை.

பின்மேசையில் மண்டபம் முதல் அரிச்சல்முனை வரைக்குமான படம் விரித்து வைத்திருக்கிறது. கரைப் பக்கம் உங்கள் தெருவைத் தேடிப் பெயர் எழுதுங்கள், பேனாவும் அங்கேயே இருக்கிறது. கடல் பக்கத்தைச் சும்மா விட்டிருக்கிறோம். அதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று தாய்மார்களும் பெரியவர்களும் வந்து சொல்லுங்கள். டீ வந்துவிட்டது போலிருக்கிறது.