மந்திர வாள்: வாங்குவதா, செய்வதா?

வணக்கம் நேயர்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் சாகச ஆட்டம். அதன் 3.5 பதிப்பு 2003-ல் வந்தது. அதில் விஸார்டாக, அதாவது மந்திரவாதியாக ஆடுபவருக்கு ஐந்தாம் லெவலில் ஓர் ஆசை வரும்: வாளுக்கு நாமே மந்திரம் ஏற்றினால் பாதி விலைதானே! ஏற்றலாம். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பிளஸ் ஒன் நீள்வாளின், அதாவது தாக்குதலிலும் சேதத்திலும் ஒன்று கூட்டித் தரும் மந்திர வாளின் கடை விலை 2,315 தங்கம். அதில் மந்திரத்துக்கு 2,000. மீதி 315 வாளுக்கு. நாமே செய்தால் மந்திரத்துக்குப் பாதி, 1,000 தங்கம். கூடவே அந்த 2,000-ல் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளியில் 80. அதே 2,000-க்கு, ஆயிரத்துக்கு ஒரு நாள் வீதம் 2 நாள். வாளின் 315 அப்படியே நிற்கும். ஆக, கையிலிருந்து 1,315 போகும்.

அந்த 315-ல்தான் பலர் சறுக்குகிறார்கள். இடுப்பில் ஏற்கெனவே தொங்கும் 15 தங்கச் சாதாரண வாளில் மந்திரம் ஏறாது. கொல்லன் அடிக்கும்போதே 300 தங்கம் கூடுதலாகக் கொடுத்து உயர்தரமாக அடித்திருக்க வேண்டும். பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்தத் தரம் வராது.

தினம் 8 மணி நேர வேலை. கூடுதல் நேரம் உழைத்து முன்கூட்டி முடிக்க முடியாது. இடையில் நிறுத்திவிட்டுத் தொடரலாம். ஆனால் ஒன்று பாதியில் கிடக்க இன்னொன்றைத் தொடங்கினால், முதலில் போட்ட பொருளெல்லாம் பாழ்.

விற்றுச் சம்பாதிக்கும் எண்ணம் வேண்டாம். கடையில் பாதி விலைதான் தருவார்கள்: இந்த வாளுக்கு 1,157 சொச்சம். செலவே 1,315.

லாபம் இருப்பது படிப்படியாக ஏற்றுவதில். பிளஸ் ஒன்னைப் பிளஸ் டூ ஆக்க வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும்: 3,000 தங்கம், 240 புள்ளி, 6 நாள். விஸார்டு ஆறாம் லெவலில் இருக்க வேண்டும். பழைய செலவில் ஒரு காசும் வீணில்லை.

புள்ளியைக் கண்டு பயப்படாதீர்கள். ஐந்திலிருந்து ஆறாம் லெவலுக்கு 5,000 புள்ளி வேண்டும், 80 பெரிதல்ல. நாள்தான் பெரிது. பிளஸ் ஃபைவ் மந்திரத்துக்கு 50 நாள். சாகசங்களுக்கு நடுவே அவ்வளவு ஓய்வு தருவாரா என்று, மந்திர ஆயுதம் செய்யும் ஃபீட்டை (பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தனித்திறன்) எடுக்கும் முன்பே, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தர மாட்டார் என்றால், கிளெரிக், அதாவது பூசாரியாக ஆடுபவர் மந்திரக்கோல் செய்யும் ஃபீட்டை எடுக்கட்டும். சிறு காயம் ஆற்றும் கோலுக்கு 375 தங்கம், 30 புள்ளி, ஒரே நாள். 50 முறை பயன்படும். முறைக்குச் சராசரி ஐந்தரை வீதம் 275 உயிர்ப்புள்ளி ஆறும். நன்றி, வணக்கம்.