தேதி போட்டு எழுதியவர்: ஹொரேஸ் கிரீலி

அவையோருக்கு வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். வாக்குப்பதிவு முடிந்த இருபத்து நான்காம் நாள் இறந்தும் போனார். பெயர் ஹொரேஸ் கிரீலி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையின் ஆசிரியர். நான் கொஞ்ச காலம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அந்தப் பாசத்தில்தான் இவரைத் தேடிப் படித்தேன்.

1811இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில், கடனில் மூழ்கிய விவசாயி வீட்டில் பிறந்தார். பதினைந்து வயதில் வெர்மான்டில் ஒரு சிறு பத்திரிகையின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1831 ஆகஸ்டில் நியூயார்க் வந்து இறங்கியபோது பையில் பத்து டாலர் அளவுதான் இருந்தது. கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? புதிய ஏற்பாட்டைப் பொடி எழுத்தில் அடிக்குறிப்புகளோடு அச்சுக் கோக்கும் வேலை. கண்ணைக் கெடுக்கும், கூலியும் கட்டாது என்று மற்றவர்கள் கைவிட்டது அது. இவர் உட்கார்ந்து முடித்தார்.

பத்தாண்டு கழித்து, 1841 ஏப்ரல் 10 அன்று, ஆயிரம் டாலர் கடன் வாங்கி டிரிப்யூனைத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். அன்றைய மலிவுப் பத்திரிகைகள் கொலையும் கள்ளக்காதலும் எழுதி விற்றன. இவர் அடிமை ஒழிப்பு, தொழிலாளர் கூலி, மதுவிலக்கு, விவசாயம் என்று எழுதி விற்றார். மார்கரெட் புல்லர் என்ற பெண்மணிக்கு இலக்கிய விமர்சனப் பகுதியைக் கொடுத்தார். லண்டனிலிருந்து பத்தாண்டுக் காலம் கட்டுரை அனுப்பியவர் யார் தெரியுமா? கார்ல் மார்க்ஸ். வாரப் பதிப்பு 1860 வாக்கில் இரண்டு லட்சம் பிரதிகளைத் தொட்டது. குக்கிராமத்து விவசாயி பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து சந்தா கட்டிப் படித்தான்.

ஆளைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. கசங்கிய வெள்ளை மேல்கோட்டு, பின்னால் தள்ளிய தொப்பி, பைகளில் திணித்த காகிதங்கள், தாடைக்குக் கீழே மட்டும் தாடி. கையெழுத்தோ கோழி கிளறியது போல. பிழை திருத்தியவன் என்ற முறையில் அந்த அச்சகத்துக்காரர்களுக்காக நான் பரிதாபப்படுகிறேன்!

சரி, அரசியலுக்கு வருவோம். இந்த மனிதருக்குப் பதவி ஆசை இருந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதவிக்குப் போன இடத்திலும் அவருக்குள் இருந்த பத்திரிகைக்காரர் சும்மா இருக்கவில்லை.

1848 டிசம்பரில், காலியான ஓர் இடத்தின் மிச்ச நாட்களை நிரப்ப, அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். மொத்தம் மூன்றே மாதம். புதிதாகப் போனவர் என்ன செய்வார்? பெரியவர்களைப் பார்ப்பார், நாற்காலியைச் சூடாக்குவார். இவர் பயணப்படிக் கணக்கை எடுத்து உட்கார்ந்தார். வாஷிங்டனுக்கு வந்து போக, இருபது மைலுக்கு எட்டு டாலர் வீதம் உறுப்பினர்களுக்குப் படி உண்டு. 'வழக்கமாகப் பயணிக்கும் வழி' என்று சட்டம் சொன்னது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தவர்கள் பலர். இவர் தபால் இலாகாவின் குறுக்கு வழித் தூரத்தை ஒரு பக்கம், அவர்கள் வாங்கிய தொகையை மறுபக்கம் போட்டு, ஆள் ஆளாகப் பட்டியலை டிரிப்யூனில் அச்சடித்துவிட்டார். சபையே கொதித்தது. தன் கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்கவில்லை. அந்தப் பட்டியலில் இவருடைய சொந்தக் கட்சியான விக் கட்சியின் இல்லினாய்ஸ் மாநிலத்து உறுப்பினர் ஒருவரும் இருந்தார். ஆபிரகாம் லிங்கன்.

1854இல் நியூயார்க் மாநில ஆளுநர் வேட்பாளராக ஆசைப்பட்டார். அந்த மாநில அரசியலை அப்போது ஆட்டிவைத்தவர்கள் செனட்டர் சீவர்டும், கட்சியின் சூத்திரதாரி தர்லோ வீட் என்பவரும். இருவருக்கும் இவர் பல ஆண்டுகள் எழுதி உழைத்தவர். வீட் கையை விரித்தார். அது போகட்டும், துணை ஆளுநர் இடத்தை ஹென்றி ரேமண்டுக்குக் கொடுத்தார்கள். ரேமண்ட் யார்? டிரிப்யூனில் கிரீலியின் கீழ் வேலை பார்த்துவிட்டு, போய் நியூயார்க் டைம்ஸைத் தொடங்கியவர்! புண்ணில் உப்பு வைத்தது போல ஆயிற்று. 'சீவர்டு, வீட், கிரீலி' என்ற கூட்டு வியாபாரத்திலிருந்து இளைய பங்காளி விலகிக்கொள்கிறேன் என்று சீவர்டுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஆறு வருடம் கழித்து, 1860இல், ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. நியூயார்க் குழுவில் இடம் கொடுக்காததால், நாட்டின் மறுகோடியில் இருந்த ஒரிகான் மாநிலத்தின் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தார். சீவர்டைத் தடுக்க ஓடி ஓடி வேலை பார்த்தார். அவர் கொண்டுவர நினைத்தது மிசௌரியின் எட்வர்ட் பேட்ஸை. வந்தவர் லிங்கன்.

அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோக, வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் வந்தது. தெற்கின் தலைநகர் ரிச்மண்ட். டிரிப்யூனில் 'ரிச்மண்டை நோக்கி முன்னேறு' என்ற முழக்கம் நாள்தோறும் வந்தது. அதை எழுதியது இவரல்ல, பத்திரிகை இவருடையது. 1861 ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் வடக்குப் படை சிதறி ஓடியதும் பழி இவர் தலையில் விழுந்தது. ஏழு இரவாகத் தூக்கமில்லை என்று லிங்கனுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே லிங்கனைக் கேள்வி கேட்டு, 'இரண்டு கோடி மக்களின் வேண்டுதல்' என்ற தலைப்பில், அடிமைகளை விடுவிக்கும் சட்டத்தை ஏன் செயல்படுத்தவில்லை என்று பகிரங்கமாக எழுதினார். ஒன்றியத்தைக் காப்பதே என் முதல் நோக்கம் என்று லிங்கன் பதில் எழுதினார். இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கும் பதில் அது. விடுதலைப் பிரகடனத்தின் வரைவு அப்போதே லிங்கனின் மேசைக்குள் தயாராக இருந்தது, கிரீலிக்குத் தெரியாது.

நான் இவரை மிகவும் மதிக்கும் இடம் 1867. தோற்றுப்போன தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டுகளாகக் காவலில் இருந்தார். ஜாமீன் ஒரு லட்சம் டாலர். கிரீலி ரிச்மண்ட் நீதிமன்றத்துக்கே போய்ப் பிணைப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அடிமை முறையை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர்! ஆயிரக்கணக்கானோர் சந்தாவை நிறுத்தினார்கள். வடக்கை ஆதரித்தவர்களின் சங்கமான நியூயார்க் யூனியன் லீக் கிளப் இவரைக் கண்டிக்கக் கூட்டம் போட்டது. நேரில் வரமாட்டேன் என்று எழுதியவர், அதோடு நிற்கவில்லை. நீங்கள் குறுகிய புத்திக்காரர்கள், ஒரு நல்ல காரியத்துக்கு உதவ ஆசை இருக்கிறது, எப்படி என்றுதான் தெரியவில்லை என்று அச்சில் போட்டார்.

இந்தக் குணம் உள்ள ஒருவர் 1872இல் ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். அப்போதைய ஜனாதிபதி கிராண்ட் ஆட்சியின் ஊழல் பிடிக்காத குடியரசுக் கட்சியினர் தனியே பிரிந்து சின்சினாட்டியில் இவரை நிறுத்தினார்கள். வேறு வழியில்லாத ஜனநாயகக் கட்சியும் இவரையே ஏற்றது. முப்பது வருடமாக இவர் திட்டித் தீர்த்த கட்சி அது! பேச்சாளர் சொன்னதை மறுத்துவிடலாம். பத்திரிகைக்காரர் எழுதியதில் தேதி இருக்கும், பக்கம் இருக்கும். எதிர்த்தரப்பு பழைய டிரிப்யூன்களைப் புரட்டியது. வடக்கும் தெற்கும் இரத்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே கை குலுக்க வேண்டும் என்று இவர் எழுதியிருந்தார். கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டு, லிங்கனின் கல்லறைமேல் அவரைக் கொன்ற பூத்தோடு கிரீலி கை குலுக்குவதாக வரைந்தார். நான் நிற்பது ஜனாதிபதி பதவிக்கா, சிறைச்சாலைக்கா என்றே தெரியவில்லை என்று கிரீலி நொந்துகொண்டார்.

அக்டோபர் 30 அன்று மனைவி மேரி இறந்தார். பிறந்த ஏழு குழந்தைகளில் பெரியவர்களாகி மிஞ்சியது இரண்டு பெண்கள் மட்டும். நவம்பர் 5 அன்று தேர்தல். கிடைத்தவை ஆறு மாநிலங்கள். நவம்பர் 29 அன்று கிரீலி இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு, ஜெயித்த கிராண்டே வந்திருந்தார். அமெரிக்காவில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வாளர்கள். கிரீலி பங்குக்கு வந்த அறுபத்தாறு தேர்வாளர் வாக்குகளும் பலருக்குச் சிதறின. ஜார்ஜியாவின் மூன்று தேர்வாளர்கள் மட்டும் இறந்தவருக்கே வாக்களித்தார்கள். அந்த மூன்றையும் நாடாளுமன்றம் எண்ணவில்லை.

ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், டிரிப்யூனுக்கு ஆசிரியராகத் திரும்பிவிட்டதாக அறிவித்தார். அதே இதழில், இனி வேலை கேட்டு வருகிறவர்கள் தொல்லை விட்டது என்று கிண்டலடித்து, அவர் எழுதாத ஒரு துணுக்கும் வந்தது. தோற்றவரே வயிற்றெரிச்சலில் எழுதியது போல் இருந்தது. கிரீலி துடித்துப்போனார். இது என் எழுத்தல்ல என்று மறுப்பு ஒன்றை எழுதி, பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த ஒயிட்லா ரீடிடம் கொடுத்தார். 'டிரிப்யூனை நிறுவியவர்' என்ற வரி தன் கல்லறையில் இருக்க வேண்டும் என்று நான்கு வருடத்துக்கு முன் எழுதிவைத்திருந்தவர் கொடுத்த கைப்பிரதி அது.

ரீட் அதை அச்சுக்கு அனுப்பவில்லை.