பஸ்ஸ விட்ட பொண்ணு

வணக்கங்க. ஸ்கூல் பஸ்ஸ விட்டுட்டு ரோட்டோரமா முழிச்சுக்கிட்டு நின்ன அனுபவம் நம்மள்ல பாதி பேருக்கு இருக்கும். அப்படி நின்ன ஒரு பொண்ணப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

அமெரிக்கால வர்ஜீனியா மாநிலத்துல ஃபார்ம்வில்னு ஒரு சின்ன டவுன், அங்க ராபர்ட் ருஸா மோட்டன் ஹைஸ்கூல்னு கறுப்பினப் பிள்ளைங்களுக்கான கவர்மெண்ட் ஸ்கூல் இருந்துச்சு. வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குத் தனி ஸ்கூல், தனி பஸ், அப்போ அங்க சட்டமே அப்படி. மோட்டன் ஸ்கூல் 1939ல 180 பேருக்குன்னு கட்டினது, பத்துப் பன்னெண்டு வருஷத்துல 450 பேருக்கு மேல ஆயிட்டாங்க. பெரிய கட்டடம் கேட்டா, பலகை அடிச்சு தார்ப் பேப்பர் ஒட்டின கொட்டகை போட்டுக் குடுத்தாங்க, ரோட்டுல போறவங்க கோழிப்பண்ணைன்னே நெனச்சாங்களாம். மழை பேஞ்சா கிளாஸுக்குள்ளயே குடை. குளிர்காலத்துல அடுப்புப் பக்கத்துல இருக்கறவனுக்கு வேர்க்கும், தள்ளி இருக்கறவன் கோட்டக் கழட்ட முடியாது.

அந்தப் பொண்ணு பேரு பார்பரா ஜான்ஸ், 16 வயசு. தம்பி தங்கச்சிங்களக் கிளப்பி விட்டுட்டு, சாப்பாட்ட மறந்து திரும்ப வீட்டுக்கு ஓடுனதுல பஸ் போயிடுச்சு. நிக்குது நிக்குது, ஒரு மணி நேரம் ஆச்சு, அப்போ வெள்ளைக்காரப் பிள்ளைங்க பஸ் வருது, பாதி சீட்டு காலி, நிக்காமப் போயிடுச்சு. ஏதாவது செஞ்சே ஆகணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிடுச்சு.

1951 ஏப்ரல் 23. உங்க ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் பஸ் ஸ்டாண்டுல போலீஸ்கிட்ட மாட்டிக்கிட்டாங்கன்னு பிரின்சிபாலுக்கு ஒரு போன், பொய் போன்தான், மனுஷன் பதறி ஓடிட்டாரு. நானும் ஹெட்மாஸ்டரா இருந்தவன், சத்தியமா நானும் ஓடியிருப்பேன். அந்த கேப்புல அவர் அனுப்பின மாதிரியே சீட்டு எழுதி எல்லா கிளாஸுக்கும் குடுத்து ஹாலுக்கு வரவச்சுட்டாங்க. மேடைல திரை விலகுது, பிரின்சிபால் இருக்க வேண்டிய எடத்துல பார்பரா நிக்குது! டீச்சருங்கள வெளிய போகச் சொல்லிச்சு, ஷூவக் கழட்டி பெஞ்சுல தட்டுச்சுன்னும் சொல்றாங்க. மொத்த ஸ்கூலும் ஸ்ட்ரைக், ரெண்டு வாரம். ஒன்னும் தெரியாத அந்த பிரின்சிபாலுக்குத்தான் வேலை போச்சு, அத நெனச்சா எனக்கு இன்னும் ஆறல.

ஒன்னு கவனிங்க, பிள்ளைங்க கேட்டது நல்ல கட்டடம், ஒழுகாத கூரை, அவ்வளவுதான். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன்னு ரெண்டு வக்கீலுங்க வந்து, கட்டடத்துக்குன்னா கேஸ் எடுக்க மாட்டோம், தனித்தனி ஸ்கூலே கூடாதுன்னு கேக்கறதா இருந்தா எடுக்கறோம்னு சொல்லிட்டாங்க. கூரைக்கு கேக்கப் போனது சட்டத்தையே கேள்வி கேக்கறதுல போய் நின்னுச்சு. கறுப்பு, வெள்ளைன்னு பிரிச்சு அரசுப் பள்ளி நடத்தறது சட்டப்படி செல்லாதுன்னு 1954ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, பிரவுன் தீர்ப்புன்னு பேரு, அதுல சேர்ந்த அஞ்சு கேஸுல பிள்ளைங்களே ஆரம்பிச்சது இது ஒன்னுதான்.

இங்க ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, டைம் ஆயிடுச்சாம், முக்கியமானத கடைசில வச்சது என் தப்புதான். தீர்ப்பு வந்தும் கறுப்புப் பிள்ளைங்களோட சேர்ந்து படிக்கவிட மாட்டோம்னு 1959ல அந்தக் கவுண்டில, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, பொதுப் பள்ளி மொத்தத்தையும் இழுத்து மூடிட்டாங்க, அஞ்சு வருஷம், 1964 வரைக்கும்! வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்குத் தனியார் ஸ்கூல் வந்துச்சு, இவங்கள்ல நெறைய பேருக்குப் படிப்பே நின்னுடுச்சு. பார்பரா பின்னாடி லைப்ரரியன் ஆனாங்க, 1991ல காலமாயிட்டாங்க. அந்தப் பழைய ஸ்கூல் இப்போ மியூசியம், 2001ல தெறந்தாங்க, அதே ஏப்ரல் 23... சரி சரி, முடிச்சுட்டேன், வணக்கம்.