மணிமுத்தாற்று நிலமும் கண்மாய்ப் பறவைகளும்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டின் வளவு வீடுகளும் ஆத்தங்குடிக் கற்களும் பேசப்படும் அளவுக்கு இம்மண்ணின் ஆறுகள் பேசப்படுவதில்லை. மணிமுத்தாறும் தேனாறும் பாம்பாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் மட்டுமே கரைதொட்டு ஓடுபவை. அந்தக் குறுகிய கால நீரையும் மழைநீரையும் வரத்துக்கால் என்னும் நீர்வரத்துக் கால்வாய் வழியே கண்மாயில், அதாவது ஏரியில், தேக்கி, அது நிறைந்ததும் மிகுநீர் வழியும் கலுங்கின் வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் ஏற்பாட்டை நம் முன்னோர் செய்துவைத்தார்கள். வயலுக்கெனத் தேக்கிய அந்த நீரை நம்பித்தான் இங்குள்ள பறவைகளும் வாழ்கின்றன.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கு அருகே, வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சேர்த்து 1977இல் பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கண்மாய் பெருகிய ஆண்டுகளில், நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் வக்காவும் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும் கிளைக்குக் கிளை கூடு கட்டுகின்றன. அவற்றுள் நான் நின்று பார்ப்பது நத்தைகுத்தி நாரையை. வளர்ந்த பறவை அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இராது, வளர வளரத்தான் உண்டாகும். சேற்றைத் துழாவி நத்தையைப் பிடித்ததும், ஓட்டை நொறுக்காமல், கீழலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது.

கூடுகளில் முட்டையும் குஞ்சும் இருக்கும் பருவத்தில்தான் தீபாவளி வருகிறது. வெடிச்சத்தத்தில் மிரண்டு தாய்ப்பறவை எழுந்துவிடும் என்பதால், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை; திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அப்படியே. புத்தாடை உடுத்தி வெடிக்கு ஏங்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது எத்தனை பெரிய விட்டுக்கொடுத்தல் என்பதை நினைத்துப் பாருங்கள்! பறவை எச்சம் கலந்த கண்மாய் நீர் அவர்கள் வயலுக்கு உரமாகவும் பாய்கிறது.

ஆனால், மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் கூடு கட்ட வருவதில்லை. மழை பெய்தும் நீர் வந்து சேராத கண்மாய்களைக் கண்டால்தான் மனம் பொறுக்கவில்லை. சீமைக் கருவேல் அடைத்துக்கொண்ட வரத்துக்கால்களை ஆவணிக்குள் வெட்டித் திருத்திவிட்டால், ஐப்பசியின் முதல் வெள்ளம் வீணாகாமல் கண்மாய்க்குள் இறங்கும். ஊர்க்கூட்டங்களில் கோயில் வரியோடு சேர்த்து இந்த வேலையையும் பேசி முடிவெடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.