ஒரு பழைய கதவும் பதினைந்து படங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை நிமித்தமாகச் சியோலில் சில ஆண்டுகள் இருந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓவியக்கூடத்துக்குப் போவேன், மை ஓவியம் கற்றுக்கொள்ள. அங்கே என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வரைந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கலை உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தாள், நம் கணக்கில் பிளஸ் டூ. என்னை ‘ஒன்னி’ என்றுதான் கூப்பிடுவாள். பெண்கள் அக்காவைக் கூப்பிடும் சொல் அது.

கொரியாவில் இப்படிப்பட்ட பள்ளிகளில் ஓவியம் என்பது ஒரே பாடம் கிடையாது. கொரிய ஓவியம் தனி, மேற்கத்திய ஓவியம் தனி. இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானிய ஆட்சியாளர்கள் 1922இல் தொடங்கிய ஆண்டுக் கண்காட்சியில் ஓவியத்துக்குக் கிழக்கத்திய ஓவியம், மேற்கத்திய ஓவியம் என்று இரண்டு வரிசை வைத்தார்கள். ஆட்சி போய்விட்டது, வரிசை போகவில்லை. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையின் பெயர் இன்றைக்கும் கிழக்கத்திய ஓவியத் துறைதான். அந்தப் பெண் படித்தது கொரிய ஓவியம். மை, தூரிகை, ஹன்ஜி என்கிற காகிதம். அவளுடைய ஆசையோ வேறு: சிகாகோ கலைப் பள்ளியில் சேர வேண்டும்.

1866இல் தொடங்கிய பள்ளி அது. அங்கே இளங்கலை மாணவர் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து அதற்குள்ளேயே அடைபட வேண்டியதில்லை. காலையில் அச்சுக்கலை, மாலையில் ஒலி, அடுத்த பருவத்தில் நெசவு என்று கலந்து படிக்கலாம். பாடங்களுக்கு ஏ, பி என்று தரம் போடுவதும் இல்லை, தேர்ச்சி உண்டா இல்லையா என்பதோடு சரி. விண்ணப்பிக்க 10 முதல் 15 படைப்புகளும், தன்னைப் பற்றியும் தன் வேலையைப் பற்றியும் ஒரு கட்டுரையும் வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நான்கு ஆண்டுகளாக மூங்கில், ஆர்க்கிட், பிளம் பூ, சாமந்தி என்று மை ஓவியப் பயிற்சிக்கு உரிய நான்கையும் திரும்பத் திரும்ப வரைந்த பிள்ளைக்கு, ‘என்ன வேண்டுமானாலும் செய்’ என்று சொல்லும் பள்ளி பயத்தைத்தான் கொடுத்தது. போதாததற்கு, பயிற்சி நிலையத்தில் ஒருவர், ‘அமெரிக்காவில் மை ஓவியம் யாருக்குப் புரியும்? எண்ணெய் வண்ணத்துக்கு மாறு’ என்று சொல்லிவிட்டார். கோடை முழுக்க அவள் கான்வாஸோடு மல்லுக்கட்டினாள். ஆறு படங்கள் வந்தன. ஒரு நாள் அவற்றைச் சுவரோரம் வரிசையாக வைத்து, ‘எப்படி இருக்கிறது ஒன்னி?’ என்றாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எந்த மாணவர் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் துரோகம் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. கான்வாஸ்களைத் திருப்பி வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்காக ஆக்யோவை ஊறப் போட்டாள்.

இந்த ஆக்யோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை. நம்மூர்த் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அதே இனம். கண்ணாடிபோல் இருக்கும் குச்சிகளை இரவு தண்ணீரில் போட்டால் காலையில் ஊதி மிருதுவாகியிருக்கும். அதை வெந்நீருக்குள் கிண்ணம் வைத்து மெல்லக் கரைக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். கரைந்ததும் படிகாரம் சேர்த்து, அந்த நீரை ஜாங்ஜி என்கிற கனமான காகிதத்தில் அகலத் தூரிகையால் பூசி உலர்த்த வேண்டும். பூசாவிட்டால் வண்ணம் காகிதத்துக்குள் இறங்கி ஓடிவிடும். படிகாரம் கூடிப் போனாலும் கெடுதல், காகிதத்தின் மேல் மினுமினுப்பாகப் புள்ளிகள் நிற்கும். மழைக்காலத்துக்கு ஒரு அளவு, குளிருக்கு ஒரு அளவு. அவள் தராசைத் தேடவே மாட்டாள். விரல் நுனியில் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைப்பாள். லேசான துவர்ப்பு வந்ததும் தலையாட்டுவாள். பதினெட்டு வயது. எங்கள் ஆசிரியரும் அப்படித்தான் செய்வார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. துறைகளைக் கலக்கிற பள்ளிக்குப் போக இவள் எதற்குக் கொரிய ஓவியத்தை விட வேண்டும்? அதற்குள்ளேயே எத்தனை துறைகள் கிடக்கின்றன! கவிதை, எழுத்து, ஓவியம் மூன்றும் ஒரே தாளில் உட்கார்கிற மரபு அது. கூடவே காகிதம், பசை, படத்தின் முதுகில் இன்னொரு தாளை ஒட்டி நிமிர்த்துகிற பேஜோப் என்கிற வேலை. மேற்கத்திய ஓவியம் படிக்கும் பிள்ளை கடையில் வாங்குவதை இவள் கையால் செய்கிறாள். இதை எங்கேயும் காட்டாமல் முடிந்த படத்தை மட்டும் அனுப்பினால், அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த வழியில் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். தோ ஹோ சு என்ற கலைஞரின் அப்பா சு சே ஓக், கொரியாவின் பெரிய மை ஓவியர். மகனும் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிழக்கத்திய ஓவியம் படித்தார், பிறகு அமெரிக்கா போய் ஓவியம், சிற்பம் என்று மீண்டும் மாணவரானார். சியோலில் தன் பெற்றோர் வாழ்ந்த வீட்டை 1999இல் இளம்பச்சைப் பட்டில் தைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். பிற்பாடு நியூயார்க்கில் தான் குடியிருந்த வீட்டின் சுவர், கதவு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் காகிதத்தால் மூடி, வண்ணப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தார். கல்வெட்டைப் படியெடுக்கிற பழைய வித்தைதான் அது. லீ உங்னோவின் கதை இன்னும் உருக்கமானது. மூங்கில் வரைந்து பெயர் வாங்கியவர், 1958இல் ஐரோப்பா போனார், பாரிஸில் தங்கி மை ஓவியம் கற்பித்தார். 1967இல் உளவு வழக்கொன்றில் கொரியச் சிறையில் அடைத்தார்கள். அங்கே வண்ணம் ஏது? சோயா சாற்றை மையாக்கி வரைந்தார், சோற்றைப் பிசைந்து உருவங்கள் செய்தார். பொருளோடு பழகிய கை அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் வேலை செய்யும். இவர்களைப் பற்றி அவளிடம் பேசினேன். அவளுக்குப் பெயர்கள் தெரியும். தனக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் நினைத்ததே இல்லை.

கட்டுரைதான் அடுத்த தலைவலி. முதல் வரைவில் கிழக்கு மேற்கைச் சந்திக்கிறது, வெற்றிடத்தின் அழகு, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்றெல்லாம் இருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அவள் அதில் எங்கேயும் இல்லை. ‘நீ கடைசியாக எப்போது ஹன்ஜியைக் காகிதம் என்று நினைக்காமல் தொட்டாய்?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் பாட்டி வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

பழைய கொரிய வீட்டில் மரச்சட்டக் கதவில் கண்ணாடிக்குப் பதில் ஹன்ஜி ஒட்டியிருக்கும். இலையுதிர் காலத்தில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டுவார்கள். கை படுகிற கைப்பிடிப் பக்கம் சீக்கிரம் ஓட்டையாகும் என்பதால் அங்கே இரண்டு தாள், நடுவில் உலர்ந்த பூ இதழோ இலையோ வைப்பார்கள். வெயில் அடித்தால் அந்தப் பூ உள்ளே நிழலாகத் தெரியும். கிழிக்கிற வேலை பேத்திக்கு. வருடத்தில் ஒரே ஒரு நாள் விரலை விட்டுக் கதவை ஓட்டை போட அனுமதி! அந்த வீடு இப்போது இல்லை. மறுகட்டுமான வேலையில் இடித்துவிட்டார்கள். ஒரு கதவுச் சட்டத்தை மட்டும் மாமா எடுத்து வைத்திருந்தார்.

‘அது எங்கே இருக்கிறது?’ என்றேன். அடுத்த வாரம் பேருந்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தச் சட்டத்தில் அவள் ஒட்டியது தன் பழைய மூங்கில் ஓவியங்களை. நான்கு ஆண்டுப் பயிற்சித் தாள்கள், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியவையும் சேர்த்து. பின்னால் விளக்கு வைத்தால் ஒரு ஆண்டின் மூங்கில் மேல் இன்னொரு ஆண்டின் மூங்கில் தெரிந்தது. ஒட்டுகிற வேலையை மூன்று நிமிடக் காணொளியாக எடுத்தோம். முகம் கிடையாது, கைகளும் ஈரத் தாளும் மட்டும். தூரிகை தாளைத் தட்டும் ஓசையும் அதில் கேட்கும். பழைய மேதைகளைப் பார்த்து வரைந்த பிரதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பிரதி எடுப்பது கொரியாவில் பாடம், சிகாகோவில் வெறும் நகல் என்று எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில், ஏன் வரைந்தாள் என்று இரண்டு வரி எழுதினாள். எண்ணெய்ப் படங்களில் ஒன்றுகூட இல்லை.

படம் எடுப்பதிலும் ஒரு வாரம் போனது. ஃபிளாஷ் அடித்தால் மெல்லிய மை காணாமல் போகிறது, நேர் வெளிச்சத்தில் ஹன்ஜி வெறும் வெள்ளைத் தாளாகிறது. கடைசியில் காலை வெயிலில் ஜன்னலோரம் சாய்த்து வைத்தபோதுதான் காகிதத்தின் நார் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்று, முழுப் படம் ஒன்று என்று இரண்டிரண்டாக எடுத்தோம்.

நவம்பரில் அவளுடைய வகுப்புத் தோழிகள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினார்கள். ஆங்கிலம் கேட்டு விடை எழுதும் நேரத்தில் விமானங்களைக்கூட நிறுத்தி வைக்கிற தேர்வு அது. எல்லோரும் அதற்குப் போனபோது தான் மட்டும் பசை காய்ச்சிக்கொண்டிருந்தது அவளை மிகவும் வாட்டியது. இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் விண்ணப்பத்தை அனுப்பினாள். கட்டுரையின் முதல் வரி, ‘எங்கள் பாட்டி வீட்டில் கதவைக் கிழிப்பது என் வேலை’.

இடம் கிடைத்தது. பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஆக்யோ குச்சிகளும் மைக்கல்லும் போயின. நானும் ஊர் திரும்பிவிட்டேன். ஜனவரியில் ஒரு இரவு சிகாகோவிலிருந்து அழைப்பு. ‘ஒன்னி, பேஜோப் கிழிந்துவிட்டது.’ வெளியே பனி, உள்ளே வெப்பக் குழாய். அறை அவ்வளவு வறண்டிருக்கிறது. பசை ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து, தாள் இழுபட்டு நடுவில் பிளந்துவிட்டதாம். நெசவுக் கூடத்தில் ஒரு மாணவர், நூல் உலராமல் இருக்க அறையில் தண்ணீர் வைப்போம் என்று சொல்லியிருக்கிறார். அவள் ஈரத் துண்டுகளைக் குழாயின் மேல் போட்டு, பசையில் தண்ணீரைக் கூட்டி, மறுபடி ஒட்டினாள்.

மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. பலகையில் தாள் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் சின்னச் சுருக்கம், அதன் மேல் ஏதோ ஒரு இலையை வைத்து ஒட்டியிருந்தாள்.