காவலுக்கு நின்றவர் கையில்தான் துப்பாக்கி இருந்தது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன்களுக்கும், காசிமேட்டில் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்த ராயபுரம் மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.

ராணுவ முகாம்களைக் காக்கப் பெரிதும் தேவை மதிலும் காவலுமா, உள்ளே இருக்கும் மனிதர்மேல் கவனமா என்பது இன்றைய தலைப்பு. நான் கவனத்தின் பக்கம் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் பஞ்சாபில் உள்ள பதான்கோட்டில் ஆரம்பித்தார். 2016 ஜனவரியில் வெளியிலிருந்து வந்தவர்கள் மதிலேறி விமானப்படைத் தளத்துக்குள் புகுந்தார்கள், நம் வீரர்கள் ஏழு பேரை இழந்தோம். உண்மைதான். அதற்குப் பிறகு முகாம்களின் பாதுகாப்பை ஆராய ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் பிலிப் காம்போஸ் தலைமையில் குழு போட்டார்கள். தேவையான வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. எதிரி வரும் வழியில் மதில் வேண்டும், விளக்கு வேண்டும், காவலும் வேண்டும்.

ஆனால் அதே பஞ்சாபில் இன்னொரு ஊர் இருக்கிறது. அதை அவர் தொடாமல் போய்விட்டார். பதிண்டா.

2023 ஏப்ரல் 12, விடியற்காலை நாலரை மணி. பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றின் குடியிருப்பில் நான்கு வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேரும் படுத்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு பேர் கர்நாடகத்துப் பிள்ளைகள். மற்ற இரண்டு பேர் நம்முடையவர்கள், ஒருவர் சேலம், ஒருவர் தேனி மாவட்டம். முதல் தகவல் என்ன தெரியுமா? வெள்ளைக் குர்தா போட்டு முகத்தை மூடிய இரண்டு பேர், ஒருவர் கையில் துப்பாக்கி, இன்னொருவர் கையில் கோடாரி, காட்டுப் பக்கமாக ஓடினார்கள் என்று ஒரு வீரர் சாட்சி சொன்னார். நாடே வெளியில் தேடியது. ஐந்தே நாளில் அந்தச் சாட்சியையே கைது செய்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதாக ராணுவம் விட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 9ஆம் தேதியே இன்சாஸ் துப்பாக்கியைத் திருடி ஒளித்து வைத்திருக்கிறார். 12ஆம் தேதி காவல் பணியில் நின்றபடியே மாடிக்குப் போய்ச் சுட்டிருக்கிறார். அப்புறம் துப்பாக்கியைக் கழிவுநீர்க் குழியில் போட்டிருக்கிறார். காரணம் தனிப்பட்ட பகை.

நடுவர் அவர்களே, இதில் மதில் எங்கே வருகிறது? காவலுக்கு நின்றவரே அவர்தானே!

என் அப்பா பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், வெள்ளை பெயிண்டில் எண் எழுதிய அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஆயுத அறையைப் பட்டாளத்தில் 'கோத்' என்பார்கள். துப்பாக்கியை எடுத்தால் கையெழுத்து, வைத்தால் கையெழுத்து. ஒன்று குறைந்தால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது என்பார் அப்பா. பதிண்டாவில் ஒரு துப்பாக்கியும் 28 தோட்டாக்களும் காணாமல் போனது கொலைக்கு முன்பே தெரிந்திருந்தது. துப்பாக்கியைத் தேடினார்கள். எடுத்த கைக்குள் என்ன புகைந்துகொண்டிருந்தது என்பதைப் பார்க்க அங்கே ஆள் இல்லாமல் போனது. நான் பேச வந்தது, பார்க்க இல்லாமல் போன அந்த ஆளைப் பற்றித்தான். கொன்றவருக்காக வாதாட வரவில்லை. செத்துப்போன நான்கு பேருக்காக வந்திருக்கிறேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணன் அமெரிக்காவுக்குப் போனார். 2009 நவம்பரில் டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் ஹூட் முகாமில் 13 பேர் செத்தார்கள், வீரர்கள் எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி இருந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது என்றார். சரி, சுட்டது யார்? அந்த ராணுவத்தின் மனநல மருத்துவர், மேஜர். அவருடைய பேச்சும் போக்கும் சரியில்லை என்று கூட வேலை பார்த்தவர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் வெகு முன்பே தெரியும். தெரிந்தும் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

2013இல் வாஷிங்டன் கடற்படை வளாகத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஒப்பந்த ஊழியர் ஒருவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். வேலி தாண்டி வரவில்லை. செல்லுபடியாகும் அனுமதி அட்டையைக் காட்டி, பைக்குள் துப்பாக்கியோடு வாசல் வழியாகவே போனார். ஆறு வாரத்துக்கு முன்னால், ரோட் ஐலண்டில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தபோது அவரே போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள், சுவர் வழியாகக் குரல் கேட்கிறது, மைக்ரோவேவ் கருவியால் என் உடம்புக்குள் அதிர்வு அனுப்பித் தூங்கவிடாமல் செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் அதை அங்கிருந்த கடற்படை நிலையத்துக்கும் தெரிவித்தது. அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அனுமதி அட்டையை மட்டும் யாரும் வாங்கி வைக்கவில்லை.

எல்லோருக்கும் துப்பாக்கி கொடுக்கும் யோசனைக்குப் பதில் நம் கல்பாக்கத்திலேயே இருக்கிறது. அது ராணுவ முகாம் இல்லை, மத்திய தொழிற்பாதுகாப்புப் படை காக்கும் அணுமின் நிலைய வளாகம். துப்பாக்கிக்குக் குறைவில்லாத இடம். 2014 அக்டோபரில் அந்தப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தன் சக காவலர்கள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்.

இன்னொன்றை நம் ஊரில் நின்றுகொண்டு சொல்லாமல் போக முடியாது. இங்கிருந்து பாரிமுனையைத் தாண்டினால் தீவுத்திடல். 2011 ஜூலையில், பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் பாதாம் கொட்டை பொறுக்க ராணுவ அதிகாரிகள் குடியிருப்புக்குள் போனான். அவனைச் சுட்டுக் கொன்றதாக ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கைதானார். துப்பாக்கியைக் கூவத்திலிருந்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு விசாரணை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மதிலை உயர்த்து, உயர்த்து என்று சொல்லும்போது, மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் நாம்தான் என்பதை எதிரணி யோசிக்க வேண்டும். மதில் உயர உயர, பாதாம் பொறுக்க வந்த பிள்ளையும் அந்நியனாகத்தான் தெரிவான்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அப்பா சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய பிரிவில் ஒரு பையனுக்குத் தங்கை கல்யாணம். மூன்று முறை லீவு கேட்டான், மூன்று முறையும் கிடைக்கவில்லை. அவன் யாரிடமும் சண்டை போடவில்லை. சமையற்கூடத்துக்கு, அவர்கள் மொழியில் 'லங்கர்', தட்டோடு வருவான், ரொட்டி வாங்குவான், இரண்டு விள்ளல் பிய்ப்பான், அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். இதை நான்கு நாள் பார்த்தவர் ஒரு ஹவில்தார். ஐந்தாம் நாள் அவனை ராத்திரிக் காவலிலிருந்து எடுத்து, துப்பாக்கி இல்லாத ஸ்டோர் வேலைக்கு மாற்றினார். அதிகாரியின் அறை வாசலில் போய் நின்று, லீவு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். பையன் கல்யாணத்துக்குப் போய், மஞ்சள் ஒட்டிய பத்திரிகையும் லட்டுமாகத் திரும்பி வந்தான்.

ஒவ்வொரு முகாமிலும் இதை ஒரு ஹவில்தாரின் நல்ல மனசுக்கு விடாமல், எழுதப்பட்ட கடமையாக ஆக்குங்கள். லீவு மறுத்தால் காரணம் எழுதட்டும். மனசு சரியில்லை என்று ஒருவன் வந்து சொன்னால் பதவி உயர்வு போய்விடும் என்ற பயம் இல்லாமல் இருக்கட்டும். சந்தேகம் வந்த அன்றே துப்பாக்கி கோத்துக்குத் திரும்பட்டும். இதற்குப் பிறகு மதிலுக்கு எவ்வளவு பணம் வேண்டுமானாலும் ஒதுக்குங்கள், நாங்கள் ஆட்சேபிக்க மாட்டோம்.

பதிண்டா செய்தி வந்த அன்று எங்கள் வீட்டு டிவியில் திரும்பத் திரும்ப முகாமின் வாசலையே காட்டினார்கள். மூடிய கேட், தடுப்பு, போலீஸ் ஜீப். கைது செய்தி வந்த பிறகு அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "லங்கர்ல அவன் பக்கத்துல யாரும்மா உக்காந்து சாப்புட்டாங்க?"